கையிருப்பு: இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். "கிடங்குப் பொறுப்பாளர் முழுமையாக ஒத்துழைத்தார்" என்று ஓர் அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதினேன். அதுவே கடைசிப் பக்கமும்கூட. அந்த வரிக்கு அடுத்த வரி என்ன என்பதுதான் கதை. அதை எழுதலாமா கூடாதா என்று ஒன்றரை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தொழில்: மென்பொருள் ஆலோசகன். ஒரு நிறுவனத்துக்கு எந்த நிர்வாக மென்பொருள் பொருந்தும் என்று சொல்லி, அதை அங்கே நிறுவிக்கொடுத்து, கடைசியில் அறிக்கை எழுதிவிட்டு வருவது. அறிக்கைகளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இயக்குநர்கள் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் படிப்பார்கள். நடுவில் என் ஜாதகத்தையே எழுதி வைத்தாலும் கேட்க ஆளில்லை. ஒருமுறை எழுதியும் வைத்தேன், கேட்க ஆளில்லை.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று முயற்சிகள் செய்தேன். மூன்றும் கீழே கிடக்கின்றன.

(அ) மொராவா ஆற்றின் மேல் அக்டோபர் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது ரதோய்கா கிடங்கின் இரும்புக் கதவைத் — வேண்டாம். மூடுபனி எல்லோரிடமும் இருக்கிறது.

(ஆ) ரதோய்காவிடம் பதினேழு சாவிகள் இருந்தன, அவற்றில் இரண்டு எதையும் திறக்காதவை, ஆனாலும் — இது நன்றாகத்தான் வந்தது. ஆனால் சாவிகளை நான் எண்ணவே இல்லை. அவர் எண்ண விடவில்லை.

(இ) நிறுவனம்: விறகடுப்புத் தொழிற்சாலை, தெற்கு செர்பியா. பணியாளர்கள்: நூற்று நாற்பது. பிரச்சினை: கையிருப்பில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன். வறட்டுத்தனமாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரே ஒரு தவறுதான். ஒருவருக்குத் தெரியும்.

3

தொழிற்சாலை முதலாளி நெபோய்ஷா எங்களை வேலைக்கு எடுத்தது மென்பொருளைத் தேர்ந்தெடுக்க. என் தலைவி தியானாவும் நானும் பதினோரு வாரம் வேலை செய்தோம். மூன்று மென்பொருள்கள், நூற்றுப் பதினான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கடைசியில் நெபோய்ஷா மூன்றாவதாக வந்ததைத் தேர்ந்தெடுத்தார். அவர் கல்யாணத்தில் சாட்சியாக நின்று, பிறகு அவர் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனும் ஆன மனிதர் தன் மரக்கடையில் அதைத்தான் வைத்திருந்தாராம். இங்கே அந்த உறவுக்கு மேல் உறவு கிடையாது. தியானா முகம் மாறாமல் அளவுகோல்களைத் திருத்தி, மூன்றாவதை முதலாவதாக்கினார்.

ஒரு நிபந்தனை மட்டும் நெபோய்ஷா மேசையைத் தட்டிச் சொன்னார். பின்வாசல் இருக்கக் கூடாது. திரையில் பாகம் இல்லையென்றால், பட்டறையில் வேலை தொடங்க அனுமதி தரும் வேலைச் சீட்டு திறக்கக் கூடாது, முதலாளியே வந்து கேட்டாலும். கையிருப்பு எண்ணைத் திருத்தும் உரிமை ஒரே ஒரு பதவிக்கு, கிடங்குப் பொறுப்பாளருக்கு மட்டும். நாங்கள் அப்படியே செய்துகொடுத்தோம்.

அந்தப் பொறுப்பாளர்தான் ரதோய்கா. வயது ஐம்பத்தெட்டு, கிடங்கில் முப்பத்தொரு வருடம், ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. (முதல் பிரதியில் அவரை அன்பான பெண்மணியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். முதல் ஏழு மாதம் எனக்கு ஒரு வாய் காபி தந்ததில்லை. மற்ற எல்லோருக்கும் தந்தார்.)

அவருடைய வேலை முறையைச் சொல்லாமல் கதை நகராது. பட்டறை மேலாள் மியோத்ராக் வந்து கதவில் சாய்ந்து நிற்பார்.

"அத்தை, கதவுக் கீல் இருக்கா?"

"இல்ல."

அவர் போய்விட மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். காபி வரும். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு மாமியாரின் இடுப்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார். கோப்பை பாதி காலியானதும் ரதோய்கா கேட்பார்.

"எத்தன வேணும்?"

"பன்னெண்டு."

"எட்டு தரேன்."

மியோத்ராக்கிற்கு வேண்டியது ஆறு. அது ரதோய்காவுக்கும் தெரியும்.

லாரி வராத வருடங்களில், போரும் பொருளாதாரத் தடையும் இருந்த தொண்ணூறுகளில், பழகிய பழக்கம் இது. இருக்கிறது என்று சொன்ன கிடங்கை முதலில் கேட்டவன் துடைத்துக்கொண்டு போய்விடுவான். இரண்டாவதாக வருகிறவனின் பட்டறை நின்றுவிடும். இல்லை என்று சொன்ன கிடங்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் தாக்குப்பிடித்தது. பிறகு லாரிகள் வந்தன, வாயில் வந்த சொல் மட்டும் மாறவில்லை. "இல்ல" என்பது இங்கே பதில் இல்லை, உட்காரச் சொல்வது.

4

ஆகஸ்டில் மென்பொருளில் ஏற்றுவதற்காகக் கையிருப்பை எண்ணினோம். எல்லோரையும் கூட்டி வைத்து தியானா தெளிவாகச் சொன்னார்: கணக்கில் ஏறாதது இல்லாததற்குச் சமம். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று நாள் எண்ணினோம். ரதோய்கா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டினார். பழைய மாதிரி அடுப்பின் கதவுக் கீல்: இல்லை. இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் இல்லை. உட்கார வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிறகுதான் தெரிந்தது, அந்த மூன்று நாளில் தொழிற்சாலையே ஒளித்திருக்கிறது. மியோத்ராக் தன் துணி அலமாரியில் தாழ்ப்பாள்களை வைத்துப் பூட்டியிருந்தார். வர்ணப் பட்டறையிலிருந்து இரண்டு பீப்பாய்கள் கழிவறைக்குப் போயின. உண்மையைக் கண்டுபிடிக்க எங்களை அழைத்துவந்த நெபோய்ஷாவே நாற்பது எனாமல் தகடுகளைத் தன் வீட்டு வண்டிக்கொட்டகையில் கொண்டுபோய் அடுக்கியிருந்தார். ஏன் என்று பின்னால் கேட்டேன்.

"கம்ப்யூட்டர்கிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டா அப்புறம் நமக்குன்னு என்னய்யா இருக்கு?" என்றார்.

நெபோய்ஷாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சுத்தமாக வரவில்லை. ஆனால் தகட்டை ஒளித்த அதே மனிதர்தான், பொய்க் கணக்குக் கொடுத்தவன் எவனாக இருந்தாலும் மறுநாள் வாசலுக்கு வெளியே என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். அதில் கையெழுத்தும் இருந்தது.

* நடுப்பக்கம் என்பதால் இங்கே ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். போன மாதம் ரதோய்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எப்போதாவது கூப்பிடுவார், திட்டுவதற்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால், கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்வாங்கும் பீப் சத்தம் கேட்டது. கதைக்கு இது தேவையில்லை. அடுத்த பகுதிக்குப் போகலாம்.

5

அக்டோபரில் லுப்ளியானாவிலிருந்து ஒரு வியாபாரி பழைய மாதிரியில் முந்நூற்று இருபது அடுப்புகள் கேட்டார். மாதக் கடைசிக்குள் வேண்டும், இல்லையென்றால் துருக்கிக்காரர்களிடம் போய்விடுவார். அடுப்புக்கு இரண்டு கீல். அறுநூற்று நாற்பது. மென்பொருள் பார்த்தது, இல்லை என்றது, வார்ப்புப் பட்டறைக்குத் தானாகவே கடிதம் அனுப்பியது. ஏழு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. வேலைச் சீட்டு திறக்கவில்லை.

மியோத்ராக் கிடங்குக்கு வந்தார், உட்கார்ந்தார், காபி குடித்தார். ரதோய்கா வழக்கம்போல எத்தனை என்று கேட்கவும் கேட்டார். ஆனால் கீலை அள்ளிக்கொண்டு போயும் பயனில்லை. திரையில் எண் ஏறாமல் ஓர் அடுப்பைக்கூடச் செய்ய முடியாது. பின்வாசல் கிடையாதே. வியாழக்கிழமை மதியம் நெபோய்ஷா இரண்டாவது ஷிப்டில் இருந்த முப்பத்தெட்டுப் பேரையும் கூப்பிட்டு, ஆர்டர் போனால் திங்களிலிருந்து வர வேண்டாம் என்றார். சொல்லும்போது தொப்பியைக் கழற்றியிருந்தார்.

அன்று மதியம் முழுவதும் ரதோய்கா தன் மேசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எண்ணை ஏற்றினால் ஆகஸ்டில் பொய் சொன்னது வெளியே வரும். அறிவிப்புப் பலகையில் அதற்கான தண்டனை இருக்கிறது. ஏற்றாவிட்டால் முப்பத்தெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் அவருடைய தங்கை பிள்ளைகள் என்று — (இதை நான் சேர்த்தேன். தங்கை பிள்ளைகள் கிடையாது. அந்த முப்பத்தெட்டுப் பேரில் பாதிப் பேரை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அப்படியும் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் விஷயம்.)

இன்னொன்றும் இருந்தது. என் அறிக்கையின் வரைவை அன்று காலை அவர் மேசையில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். மறந்தேன் என்றே இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் தியானா சொல்லி நான் எழுதிய வரி: "மென்பொருள் முழுமையாக இயங்கத் தொடங்கியபின் கிடங்குப் பொறுப்பாளர் பதவி அவசியமற்றது."

மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தப் பக்கத்த நீதான எழுதுன, தம்பி?"

ஆமாம் என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. என் பேரத் தவிர எல்லாம் சரியா இருக்கு."

"பேரே போடலையே அத்தை."

"அதத்தான் சொல்றேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அப்படியே சொல்கிறேன், சுற்றி வளைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் உட்கார்ந்தேன். அவர் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். ஏழு மாதத்தில் முதல் கோப்பை.

பாதி குடித்ததும் கேட்டார்.

"எத்தன வேணும்?"

"அறுநூத்தி நாப்பது."

"அவ்வளவு இல்ல," என்று சொல்லிவிட்டு எழுந்தார். கிடங்கின் பின்பக்கம், விற்கமுடியாமல் திரும்பிவந்த பழைய அடுப்புகள் வரிசையாக நின்றன. ஆகஸ்டில் அவற்றை நான் எண்ணியிருந்தேன். அடுப்பு, பழுதானது, இருபத்திரண்டு. அடுப்புக்குள் ரொட்டி சுடும் அறையின் கதவைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். எண்ணெய்த் தாளில் சுற்றிய கீல்கள், விளிம்பு வரைக்கும்.

ஏழு அடுப்புகளைத் திறந்தபோது அறுநூற்று நாற்பது ஆகிவிட்டது. எட்டாவதைத் திறக்கவில்லை. மேசைக்குத் திரும்பி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் எண்ணைத் தட்டினார். கடைசிப் பொத்தானுக்கு முன்னால் விரல் நின்றது.

"தம்பி, அடுத்த வருசமும் இப்படி ஒண்ணு வரும். அப்போ இந்தப் பொத்தான அமுக்க யாரக் கூப்பிடுவீங்க?"

நூற்றுப் பதினான்கு அளவுகோல்களில் அந்தக் கேள்வி இருக்கவில்லை. திருத்தும் உரிமையை ஒரே பதவிக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பதவியையே எடுக்கச் சொல்லி எழுதியிருந்தோம். இரண்டையும் எழுதியவன் நான்தான்.

அவர் பொத்தானை அமுக்கினார். வேலைச் சீட்டு திறந்தது. பட்டறையில் யாரோ விசில் அடித்தார்கள்.

6

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை, முப்பத்தெட்டுப் பேரும் திங்கட்கிழமை வந்தார்கள். பாக்கி இருப்பது ரதோய்கா மட்டும்தான். அறிக்கையைக் கொடுக்க எனக்கு நான்கு நாள் இருந்தது.

ஆலோசகர்கள் நாங்கள் எப்போதும் மூன்று வழிகள் கொடுப்போம். முதலாவது யாராலும் முடியாதது, மூன்றாவது யாரும் விரும்பாதது. வாடிக்கையாளர் நடுவில் இருப்பதைத் தானே கண்டுபிடித்ததுபோல எடுத்துக்கொள்வார். பழக்கதோஷம், இங்கேயும் மூன்று தருகிறேன்.

ஒன்று. நெபோய்ஷா கண்கலங்கி ரதோய்காவைக் கட்டிப்பிடித்து, கொட்டகையிலிருந்து நாற்பது தகடுகளையும் தானே கொண்டுவந்து ஒப்படைக்கிறார்.

இரண்டு. பொய்க் கணக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் திறந்தால் எல்லோருடைய அலமாரியும் திறக்க வேண்டியிருக்கும். நான் ஒரு வரியை அழித்துவிட்டு வேறு ஒரு வரியை எழுதுகிறேன். தியானா படித்துவிட்டு, முகம் மாறாமல் கையெழுத்துப் போடுகிறார்.

மூன்று. வரி அப்படியே இருக்கிறது. ஜனவரியில் ரதோய்காவுக்குப் பூங்கொத்தும் ஓர் அடுப்பும் கொடுத்து அனுப்பிவைக்கிறார்கள். அடுப்பின் ரொட்டி அறை காலியாக இருக்கிறது.

முதல் வரியில் நான் சொன்ன பொய்யையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "ஒத்துழைத்தார்" உண்மை. "முழுமையாக" என்பதுதான் பொய். மீதிப் பதினைந்து அடுப்புகளுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். பதில் உங்களுக்கே தெரியும்.

7

கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். நெபோய்ஷா வாங்கிப் படிப்பதாக இருந்தால் இதைத்தான் படிப்பார். தொழிற்சாலை நன்றாக நடக்கிறது. மென்பொருள் நன்றாக இயங்குகிறது. ரதோய்காவின் ஓய்வு நாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஏழு மாதம் கழித்துக் கேட்டால் நானும் வேறு மாதிரி எழுதுவேன்.

அவர் என்ன ஆனார், அந்த வரி என்ன ஆனது, மூன்றில் எது நடந்தது, இந்தக் கதைக்கு முடிவு இருக்கிறதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

இல்லை.

அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காபி வந்துகொண்டிருக்கிறது.