அகனேத்தாவின் தடை

ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களின் பெயர்களைப் படித்து முடித்ததும் சபை மூப்பர் கெர்ஹார்ட் ஒரு கேள்வி கேட்பார். "இவங்க மேல யாருக்காவது மனத்தாங்கல் உண்டா?" கேட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொள்வார். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறிய கூடத்தில் அப்போது பெரும் மௌனம் இறங்கும். கஸாக் நாட்டுக் கரகந்தாவின் அந்தச் சுரங்கக் குடியிருப்பில் அடுப்பில் நிலக்கரி சரிகிற சத்தம் மட்டும் கேட்கும். யாரும் எழாவிட்டால் அதுதான் சம்மதம்.

இரண்டு கோடைகளாக அந்த மௌனத்தை உடைத்தவள் அகனேத்தா. எழுந்து நிற்பாள். "எனக்கு உண்டு. கொர்னேலி மேல" என்பாள். உட்கார்ந்துவிடுவாள். காரணம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் கேட்கமாட்டார்கள். மற்றவர்களை ஏரிக்கு அழைத்துப்போய் முழுக்கு கொடுப்பார்கள். கொர்னேலியின் பெயர் மட்டும் அடுத்த கோடைக்குத் தள்ளிப்போகும்.

மறுநாள் திங்கட்கிழமை. தூக்குவாளியில் கோழி சூப்பை எடுத்துக்கொண்டு அதே கொர்னேலியின் வீட்டுக்கு அவள் போவாள்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள சபைப் பெண்களுக்கு முறை உண்டு. பக்கவாதத்தில் விழுந்த கொர்னேலியின் பெயர் வந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அகனேத்தாதான் கை தூக்கினாள். திங்களும் வியாழனும் அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, தாடையை மழித்து, ஊட்டிவிடுவாள். "என்ன அன்பு, பாருங்க" என்று தீனா மாதிரியான சபைப் பெண்கள் கண் கலங்கினார்கள். அகனேத்தா மறுக்கவில்லை. சபையில் அவளுக்கு மட்டும் தெரிந்த காரணம் வேறு. அவன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. உயிரோடு, சபை வாசலுக்கு வெளியே, கேட்டுக்கொண்டே கிடக்கவேண்டும். அதற்குத்தான் அந்த சூப்பு.

கொர்னேலிக்கும் அது தெரியும்.

"உப்பு கம்மி" என்றான் ஒரு வியாழக்கிழமை, கோணிய வாயால்.

"போதும்."

"என்னை உள்ளேயும் விடமாட்டே, சாகவும் விடமாட்டே. நல்ல நர்ஸ் நீ."

"சாகறதுக்கு என்ன அவசரம்? ஈசாக்குக்கு அங்க யாரும் சூப்பு ஊட்டலை."

"மேல இருக்கறவர் என்னைச் சேத்துக்கிட்டாரு, அகனேத்தா. அது எனக்குத் தெரியும். உன் பெஞ்சுலதான் தகராறு."

"அப்ப மேலயே போய்த் திருவிருந்து ரொட்டி வாங்கிச் சாப்பிடு. வாயைத் திற."

ஈசாக் அவள் கணவன். கூட்டமாகக் கூடி ஜெபித்தாலே சிறை என்றிருந்த காலத்தில், கையால் எழுதிய பாட்டு நோட்டுகளை நிலவறையில் உருளைக்கிழங்குக் குவியலுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தான். சுரங்கத்துப் பஸ் ஓட்டுநரான கொர்னேலி அப்போது வீட்டுக்கு வந்துபோகிறவன், பாட்டுக்குக் கடைசி வரிசையில் நிற்பவன். ஒருநாள் காலையில் போலீஸ் வந்தது. அலமாரியைத் தொடவில்லை, படுக்கையைப் புரட்டவில்லை. நேரே நிலவறையில் இறங்கி உருளைக்கிழங்கைத் தள்ளியது. ஈசாக்குக்கு மூன்று வருடம் சிறை முகாம். இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை. கொர்னேலி சொல்லித்தான் வந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. நோட்டு இருந்த இடம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் அகனேத்தாவைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பதினாறு வருடங்கள் ஆகிவிட்டன.

அந்த இலையுதிர்காலத்தில் கொர்னேலியின் மூச்சு குறைய ஆரம்பித்தது. கோடைவரை தாங்கமாட்டான் என்று மூப்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக ஒரு சபைக் கூட்டம் வைத்தார். வேண்டுமானால் வீட்டிலேயே தொட்டி வைத்து முழுக்கு கொடுக்கலாம் என்று பேச்சு இருந்தது. அகனேத்தா அந்த வாரம் முழுவதும் ஒரு சொல்லைத்தான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். உண்டு. எனக்கு உண்டு. இதுதான் கடைசித் தடவை, இதைச் சொல்லிவிட்டால் அவன் வெளியேதான் சாவான்.

வியாழக்கிழமை அவனிடம் அதைச் சொல்லவும் செய்தாள். "ஞாயித்துக்கிழமை கேப்பாங்க. எழுந்திருப்பேன்."

அவன் அவள் கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் பெயர்களைப் படித்தார். ஒரு கஸாக் பெண், அவள் மகள். அவ்வளவுதான். கொர்னேலி பெயர் இல்லை. கேள்வியைக் கேட்டுக் கண்களை மூடினார்.

அகனேத்தா எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் சொல்ல எதுவும் இல்லை என்று புரிந்தது.

"கொர்னேலி பேர் எங்க?"

மூப்பர் கண் திறந்தார். "வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டார், சகோதரி."

"ஏன்?"

"அவர் சகோதரராயிட்டா, மனத்தாங்கலோட நீங்க திருவிருந்து ரொட்டியைத் தொடமுடியாது. நம்ம ஒழுங்கு அது. 'ரெண்டு வருஷமா அவ எனக்குச் சோறு போட்டா, அவ ரொட்டியை நான் பிடுங்கக் கூடாது'ன்னார்."

பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தீனாவாகத்தான் இருக்கும்.

அகனேத்தாவுக்கு முகம் எரிந்தது. அவளிடமிருந்து கணவனை எடுத்தவன், இப்போது அவள் 'இல்லை' என்று சொல்வதற்கிருந்த ஒரே இடத்தையும் எடுத்துக்கொண்டான். விட்டுக்கொடுத்து, அவளைவிட நல்லவனாகச் சாகப் பார்க்கிறான். அதை அவள் அனுமதிப்பதாக இல்லை. நின்றபடியே யோசித்தாள். சபை காத்திருந்தது. வெளியாளிடம் அவளால் எதையும் கேட்கமுடியாது, சூப்பு மட்டும்தான் கொடுக்கமுடியும். உள்ளே வந்தவனிடம் கேட்கலாம். சகோதரன் சகோதரிக்குச் செய்த தீங்கை அவள் முகத்துக்கு நேரே, ஒன்றுவிடாமல், வாயால் சொல்லவேண்டும். அதுவும் ஒழுங்குதான்.

"பேரை எழுதுங்க" என்றாள்.

"அப்ப உங்களுக்கு மனத்தாங்கல் இல்லையா?"

"இருக்கு. தடை இல்லை. ரெண்டும் வேற."

மூப்பர் பேனாவை எடுத்தார். அன்று ரொட்டித் தட்டு வந்தபோது, தொடாமல் பக்கத்திலிருந்த தீனாவிடம் கொடுத்தாள். "இன்னும் முழுக்கு ஆகலையே, இன்னிக்கு எடுத்துக்கலாமே" என்று தீனா கிசுகிசுத்தாள். "வாயை மூடு" என்றாள் அகனேத்தா.

புதன்கிழமை துத்தநாகத் தொட்டியைக் கொர்னேலியின் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் காய்ச்சும் வேலை அவளுக்கு. ஈசாக் முகாமிலிருந்து கடைசியாக எழுதிய கடிதத்தில் தண்ணீர்ப் பீப்பாயின் மேல் பனிக்கட்டியை உடைத்து முகம் கழுவுவதாக இருந்தது. தொட்டி பாதி நிறைந்ததும் நிறுத்திவிட நினைத்தாள். வெதுவெதுப்புகூட இல்லை. முழங்கையை விட்டுப் பார்த்தாள். தன்னையே சபித்துக்கொண்டு இன்னொரு கெட்டிலை ஊற்றினாள்.

நான்கு ஆண்கள் அவனைப் போர்வையோடு தூக்கி இறக்கினார்கள். வெள்ளைச் சட்டை மிதந்தது. மூப்பர் சொல்லவேண்டியதைச் சொல்லி அவன் தலையை அழுத்தி எடுத்தார். கொர்னேலி இருமினான், சிரித்தான், அழுதான். எல்லோரும் அவன் கன்னத்தில் முத்தமிட்டார்கள். அகனேத்தா ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. சூப்போடு போனாள். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

"இப்ப நீ சகோதரன்" என்றாள்.

"ஆமா."

"அப்ப சொல்லு. யார்கிட்ட சொன்னே, என்ன சொன்னே, என்ன குடுத்தாங்க. எல்லாம். விட்டுட்டுச் சொன்னா மறுபடி முதல்ல இருந்து கேப்பேன். திங்கக்கிழமை கேப்பேன், வியாழக்கிழமை கேப்பேன்."

"மன்னிப்பியா?"

"தெரியாது. சொல்லு."

அவன் கண்களை மூடினான். வெளியே யாரோ கரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் போய்த் தேய்ந்தது.

"அன்னிக்கு உங்க வீட்டுல கூட்டம்" என்று தொடங்கினான். "சூப்புக்கு உருளைக்கிழங்கு பத்தலை. நிலவறையில போய் எடுத்துட்டு வான்னு..." நிறுத்தினான். "அதைச் சொல்லணுமா?"

பதினாறு வருடமாக எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று அவள் சொல்லாதது அது.

"சொல்லு" என்றாள்.

"நீதான் என்னை அனுப்பினே."

சூப்பின் மேல் கொழுப்பு உறையத் தொடங்கியிருந்தது. அவள் கரண்டியை வாளிக்குள் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் சேர்த்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "நான்தான் அனுப்பினேன். மேல சொல்லு."