மாமனார் கையில் இசைக்கவை

இசைப் பள்ளியில் கருவிகளுக்குச் சுருதி சேர்க்கும் வேலையில் இருந்தவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு முழங்காலில் தட்டிய இசைக்கவை, அதற்குப் பிறகு ஓயவே இல்லை. வழக்கமாக அது அரை நிமிடம் ரீங்கரித்துவிட்டு அடங்கும். அன்று பியானோவின் எண்பத்தெட்டுக் கட்டைகளையும் சரிபார்த்து முடித்துத் திரும்பியபோதும் அது 'ம்ம்' என்றுகொண்டிருந்தது. கவையின் இரு கால்களையும் விரலால் பிடித்தால் நின்றது. விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. துண்டில் சுற்றிக் கைப்பையில் போட்டாள், பை பாடியது. நாலு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்; அலமாரி பாடியது. சுவர், கதவு எதையும் அது மதிக்கவில்லை. வாரம் முடிவதற்குள் தெருவின் ஸ்கூட்டர் ஹாரன்கள், குளிர்சாதனப் பெட்டிகள், அவள் கணவனின் குறட்டை எல்லாம் அதே சுருதிக்கு வந்து சேர்ந்தன.

அவளுடைய மாமனார் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதி ஊதியே காது போய் ஒன்பது வருடமாகியிருந்தது. அவள் கல்யாணமாகி வந்து எட்டு வருடம்தான் ஆகிறது என்பதால் மருமகளின் குரல் எப்படியிருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் சிரித்தபடி தலையாட்டுவார். உறவு முழுக்க அவருக்குத் தங்கமான மனிதர் என்று பெயர். அலமாரி பாடத் தொடங்கிய அன்று மாலை அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்றார். அவள் அந்தச் சுருதியிலேயே, ஏற்ற இறக்கமில்லாமல், "மாமா, கேக்குதா?" என்று இழுத்தாள். கேட்டது. அந்தச் சுருதியில் சொன்னால் மட்டும் ஓர் எழுத்து விடாமல் கேட்டது. சிறிது நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா நான் எதுக்கெல்லாம் தலையாட்டினேனோ, அதையெல்லாம் இன்னொரு தடவை கேளும்மா."

கேட்டாள். தன் அறைக்கு அடித்த பச்சைப் பெயிண்டுக்கு அவர் சம்மதமில்லை என்றார். சைக்கிளைத் தானம் கொடுத்ததற்கும் இல்லை. தினமும் தன்னோடு நடக்க வரும் தபால்காரர் இவ்வளவு காலமும் தன் மலச்சிக்கலைப் பற்றித்தான் பேசிவந்திருக்கிறார் என்று அவள் சொல்லித் தெரிந்ததும் நடைப்பாதையையே மாற்றினார். நம் பேச்செல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காக இருந்தவரைக்கும் வீடு நிம்மதியாக இருந்தது என்று மகன் முணுமுணுத்தான். கெட்ட நேரம், முணுமுணுப்பு சரியான சுருதியில் அமைந்துவிட்டது. அப்பனும் பிள்ளையும் மூன்று நாள் ஒரே சுருதியில் சண்டை போட்டார்கள். தெருவில் போனவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று எண்ணி மெதுவாக நடந்தார்கள். அவளுக்கு மட்டும் சந்தோஷம். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச ஓர் ஆள் கிடைத்தது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில் பள்ளி முதல்வர் ஆசிரியர்கள் எல்லோருக்கும் மின்னணு ட்யூனர் வாங்கிக் கொடுத்தார். தந்தியை மீட்டினால் சுருதி சரியா என்று முள் காட்டும். சரியென்றால் பச்சை விளக்கு எரியும். கவையின் சத்தத்தில் அந்தப் பெட்டிகளுக்கு எப்போதும் பச்சைதான். தந்தியே இல்லாத வயலினையும் அது சரியென்றது. ஆண்டு விழாவில் பன்னிரண்டு கிட்டார்கள் பச்சையை நம்பி மேடையேறின. ஆளுக்கொரு திசையில் போன அந்த இசைக்கு ஊர்ப் பெரியவர்கள் இது நவீனம்போல என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல்வர் கைதட்டவில்லை. திங்கட்கிழமைக்குள் கவை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நீ நின்றுகொள் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

ஞாயிறன்று அவள் மாமனாரிடம் வேலையை விட்டுவிடப்போவதாகச் சொன்னாள். நீ என்னதான் ஆசைப்படுகிறாய் என்று அவர் கேட்டார்.

"வேலையும் வேணும் மாமா. நீங்க என்கூடச் சண்டை போடறதும் வேணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பள்ளிக்கூடம் ஒன்பதுலேர்ந்து அஞ்சுதானே? அதுவரைக்கும் நான் பிடிச்சுக்கறேன். முப்பது வருஷம் கொடியே பிடிச்சவன்."

திங்கள் காலை ஒன்பதுக்கு அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கவையின் இரு கால்களையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, தானாகவே செவிடானார். சாப்பாடு இடது கையால். பள்ளியில் ட்யூனர்கள் புத்தி தெளிந்தன. ஐந்து அடித்ததும் விரலை விடுவார். அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முதல்வரைப் பற்றி ஒரே சுருதியில் ஆரம்பிப்பாள். அந்தத் தெருவுக்குக் குடிவருபவர்களிடம் வீட்டுக்காரர்கள் இன்றும் இரண்டு விஷயம்தான் சொல்கிறார்கள்: தண்ணீர் காலை ஆறுக்கு வரும், கவை மாலை ஐந்துக்கு.