கொடியை உருவிய கை

கண்ணுகளா, இதை நான் தலைநிமிர்ந்து சொல்ல முடியாது. இருந்தாலும் கேளுங்கள்.

2004ஆம் வருஷம். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிரசவ அறை ஆயாவாக இருந்தேன். அன்னம்மாள் கை ராசியான கை என்று எங்கள் பேட்டை ஜீவனஹள்ளி முழுக்கப் பேர். அந்தப் பேரில் எனக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.

எங்கள் தெருவில் இருந்த நோராவுக்கு அப்போது இரண்டாவது பிரசவம். மூத்தவள் நிக்கோலுக்கு ஐந்து வயது, தலசீமியா. அவள் உடம்பு உருப்படியான ரத்தத்தைத் தானாக உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாருடைய ரத்தத்தையோ ஏற்ற வேண்டும். ஏற்றிய மறுநாள் தெருவில் பாண்டி ஆடுவாள். மூன்றாவது வாரம் வாசற்படி ஏறவே மூச்சு வாங்கும்.

வயிற்றிலிருந்த பிள்ளைக்கு அந்த நோய் இல்லை, அக்காவுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. உஷா டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“அன்னம்மா, தொப்புள்கொடி ரத்தத்துல ஸ்டெம் செல்னு இருக்கு. விதைநெல்லு மாதிரி. நிக்கோலுக்கு ஏத்தினா அவ எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் அதுவே நல்ல ரத்தத்த உண்டாக்கிட்டே இருக்கும். குழந்தை வந்ததும் நான் கிளிப் போட்டு வெட்டிடுவேன். கொடியில நிக்கிறது பூரா பைக்குள்ள போகணும். நீ கொடியத் தொடவே கூடாது.”

“நான் எதுக்கு டாக்டரம்மா தொடப்போறேன்?”

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு வேலை கற்றுக்கொடுத்த கன்னியாஸ்திரி, குழந்தை பிறந்ததும் கொடியைப் பிள்ளைப் பக்கமாக மூன்று முறை உருவி விடுவார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. கொடி ரத்தம் பிள்ளைக்குள் இறங்கும். பிள்ளை சிவந்து வீறிடும். இருபத்திரண்டு வருஷமாக நானும் அப்படித்தான் செய்துவந்தேன். டாக்டரும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

நோராவுக்கு வலி அவசரமாக முற்றிவிட்டது. டாக்டர் பக்கத்து அறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோதே பையன் என் கையில் வந்து விழுந்தான். வெளுத்துப்போய், சத்தமே இல்லாமல். நான் யோசிக்கவில்லை. பிதா. சுதன். பரிசுத்த ஆவி. பையன் கத்தினான்.

டாக்டர் ஓடிவந்து கிளிப் போட்டு, வெட்டி, ஊசியைக் கொடியில் குத்திப் பையைத் தாழ்த்திப் பிடித்தார். பையின் அடி மட்டும்தான் சிவந்தது.

“என்ன இது, கொடி இப்படி வத்திக் கெடக்கு?”

“மெலிசு கொடி டாக்டரம்மா” என்றேன்.

பையைச் சோதித்துப் பத்து நாளில் பதில் வந்தது. செல்கள் போதவில்லை. பையன் ஒரு வயது தாண்டட்டும், இடுப்பெலும்பில் ஊசி போட்டு, அதே விதை இருக்கும் மஜ்ஜையை எடுத்து நிக்கோலுக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை நிக்கோலுக்குப் பழையபடி ரத்தம் ஏற்றவேண்டியதுதான்.

பையனைக் குளிப்பாட்ட நான் தினமும் நோரா வீட்டுக்குப் போவேன். மூன்று மாதத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம். நான் நிறுத்தவில்லை. யாரும் கூப்பிடாமலே போய்க்கொண்டிருந்தேன். நோராவின் மாமியார் ஜூடித், மருமகளைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுப் பாடுவாள்.

“ஆண்டவர் ஒரு வழி காட்டினாரு. மகாராணி இரும்பு மாத்திரைய துப்பித் துப்பி கொடிய காயவெச்சுட்டா!”

ஒருநாள் காபி கொடுக்கும்போது நோரா மெதுவாகக் கேட்டாள். “நான் ஒழுங்கா முழுங்கியிருந்தா கொடி தடிச்சிருக்குமா ஆயாம்மா? வாந்தியா வந்துச்சு, அதான்…”

“விடும்மா. நடந்தது நடந்துபோச்சு” என்றேன். ஒரு வார்த்தை உண்மை சொல்ல எவ்வளவு நேரமாகும், சொல்லுங்கள்?

ஐந்தாவது மாதம். பையன் என் கால்மேல் சோப்பு நுரையோடு கிடந்தான். நிக்கோலுக்கு ரத்தம் ஏற்றும் வாரம் அது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“மம்மி” என்றாள், “நீ ஏன் மாத்திரைய துப்பினே?”

நோரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உங்கம்மா துப்பினதுக்கும் கொடிக்கும் சம்பந்தமில்லடி கண்ணு” என்றேன். “நான்தான் கொடிய உருவி விட்டுட்டேன். தொடாதேன்னு டாக்டரம்மா சொல்லியும் உருவினேன். உனக்குப் போகவேண்டியது தம்பிக்குள்ளயே போயிடுச்சு.”

“அடிப் பாவி!” என்றாள் ஜூடித்.

நோரா வந்து பையனை என் கால்மேலிருந்து எடுத்தாள். முந்தானையால் நுரையைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“உருவினதுக்கு உங்கள ஒண்ணும் கேக்கமாட்டேன். சத்தமில்லாம கெடந்த பிள்ளைய பாத்திருந்தா நானே உருவச் சொல்லியிருப்பேன். மாத்திரையப் பத்திக் கேட்டேனே ஆயாம்மா. என் கையால காபி வாங்கிக் குடிச்சுக்கிட்டே விடும்மான்னு சொன்னீங்களே. எப்படி முடிஞ்சுது?”

ஈரப் புடவையோடு எழுந்து வந்தேன்.

நாளைக்கு வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் போகவில்லை. டாக்டரிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன்.

பையனுக்கு ஒன்றரை வயதானபோது மஜ்ஜை எடுத்து நிக்கோலுக்கு ஏற்றினார்கள். நோரா அதை எனக்குச் சொல்லியனுப்பவில்லை. வருஷம் திரும்பியபின் ஒருநாள், நிக்கோலுக்கு இப்போது ரத்தமே ஏற்றுவதில்லை, அவளே உண்டாக்கிக்கொள்கிறாள் என்றார் டாக்டர். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றேன். வேறு யார் வீட்டிலோ நடந்த நல்ல காரியத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு, தரையைத் துடைக்கப் போனேன்.