பாலுக்கு மட்டும் வரம்பு

வாசலில் ஒரு வண்டி போகும் அகலம்தான் இருந்தது. அவள் டிராக்டரை அதற்கு நேராக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். பின்னால் டேங்கரில் பால் ஒருமுறை தளும்பி அடங்கியது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முதன்முதலில் பால் கொண்டுவந்தவள் அவளாகத்தான் இருப்பாள்.

மூன்று வாரமாகப் பாலை விற்கத் தடை. பால் ஆய்வாளர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். மழைக்கோட்டில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கவும், சட்டியில் முட்டை ஒட்டாமல் இருக்கவும் போடுகிற ஒரு ரசாயனம் அவள் வீட்டு மாட்டுப் பாலில் இருந்தது. அது லேசில் அழியாது. காய்ச்சினாலும் போகாது, புதைத்தாலும் மட்காது. இந்த நிலையத்திலிருந்து வாங்கி வயலில் உரமாகப் போட்ட கழிவுநீர்க் கசடிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு.

மாட்டு டாக்டர் ஒரு வழி சொன்னார். வெளித் தீவனம் போட்டு, விடாமல் கறந்துகொண்டே இருந்தால், பால் வழியாகவே அது மெல்ல இறங்கிவிடும். சில மாதம் ஆகும். கறப்பதை நிறுத்தினால் உடம்பிலேயே தங்கிவிடும். ஆய்வாளரும் சரி என்றார். கறந்த பாலை எங்கே ஊற்றுவது என்று அவள் கேட்டாள். நிலத்தில் கூடாது. ஓடையில் கூடாது. சாக்கடையில் கூடாது.

"ஒரு இடம் காட்டுங்க. இல்லைன்னா மாடுகளைக் கொல்ல ஆள் அனுப்புறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல," என்றார் ஆய்வாளர்.

அவர் மறுபடி வருவது நாளைக்கு.

நிலையத்து மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"மேடம், போன்லயே சொன்னேனே."

"போன்ல சொன்னீங்க சார். அதான் பாலே நேர்ல வந்திருக்கு."

"இதை உள்ள விட்டா எங்க தண்ணி கெட்டுப்போகும். ஆத்துல விடுற தண்ணியில இந்த ரசாயனம் இவ்வளவுதான் இருக்கலாம்னு ஒரு வரம்பு இருக்கு."

"இது எங்கேர்ந்து வந்துச்சு? உங்க சேத்துலேர்ந்து. பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கு. வாசல்லயே நிக்க வெக்கிறீங்களே."

"எங்க சேறுதான்னு நிரூபணம் ஆகலையே."

"அதை டெஸ்ட் பண்ணுங்க."

"சேத்துக்கு வரம்பு இல்ல மேடம். வரம்பு இல்லாததை எதுக்கு டெஸ்ட் பண்றது?"

"வரம்பு இல்லைன்னா என்ன அர்த்தம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மீறலைன்னு அர்த்தம்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் கத்திவிட்டாவது போகலாம்.

"வெயில்ல நிக்கிறீங்க. டீ சொல்லட்டுமா?"

"பால் போட்டா?"

மேலதிகாரியைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று மேனேஜர் முனகிவிட்டு உள்ளே போனார். அவர் போகும்போதே தெரிந்தது, கேட்க மாட்டார்.

உள்ளிருந்து ஒரு லாரி வந்து டிராக்டருக்கு முன்னால் நின்றது. ஓட்டி வந்தவன் அவள் கொழுந்தன். வீட்டுக்காரரின் தம்பி. முதல்முதலில் கசடைக் கொண்டுவந்து அவர்கள் வயலில் கொட்டியவனும் அவன்தான். சும்மா கிடைக்கிறது, நீ நான் என்று அடித்துக்கொள்கிறார்கள், நம்ம வீட்டுக்குத் திருப்பிவிட்டேன் என்றான். அந்த வருஷம் புல் இடுப்புயரம் நின்றது. அவன் வரும்போதெல்லாம் அவள் ஒரு சொம்பு பால் கொடுத்தாள். அதையும் அவன் குடித்தான்.

கதவைத் திறந்து இறங்கினான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லுவேன். திட்டக் கூடாது."

"சொல்லு. திட்டலாமா வேண்டாமான்னு அப்புறம் பாக்கறேன்."

"பாலைக் கொண்டுபோய்ச் சாணக்குழியில ஊத்துங்க. கலந்துட்டா அது பால் இல்ல, எரு. எருவுக்கும் வரம்பு கிடையாது. அந்த ஆளு பாலைத்தானே தேடுவாரு."

அவள் திட்டவில்லை. மனம் அதற்குள் சாணக்குழிக்குப் போய்விட்டிருந்தது. குழியில் இடம் இருந்தது. நாளைக்கு ஆய்வாளருக்குக் காட்ட ஒரு இடம். மாடுகள் பிழைத்துக்கொள்ளும்.

"குழி நிறைஞ்சா?"

"வயல்ல அடிச்சிருங்க. உங்க வயல் வேண்டாம்னா, கேக்கறவங்க எத்தனையோ பேர்."

அவள் லாரியைப் பார்த்தாள். தார்ப்பாய்க்குக் கீழிருந்து கறுப்பாகச் சொட்டியது.

"இது எங்க போகுது?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், புதுசா மாடு வாங்கியிருக்காங்க. சும்மா கிடைக்குதுன்னு அந்தப் பொண்ணுக்கு ஒரே சந்தோஷம்."

"அவகிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்ல?" அவன் காலால் மண்ணைத் தேய்த்தான். "கேட்டுக்கு உள்ள கசடு. வெளிய வந்தா உரம். பேர் வெக்கறது நான் இல்ல அண்ணி. நான் டிரைவர்."

"உன் அண்ணன் மாட்டைக் கொல்லப்போறாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும்." லாரிப் பக்கம் திரும்பினான். "வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க. மத்தியானத்துக்குள்ள கொட்டிட்டு வரணும்."

அவள் டிராக்டரில் ஏறினாள். அவனும் லாரியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினான். அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"அண்ணி."

அவள் போனை எடுத்து ஆய்வாளரைக் கூப்பிட்டாள்.

"சார், இடம் காட்டச் சொன்னீங்களே. சுத்திகரிப்பு நிலையத்து வாசல். டேங்கர் நிக்குது. நாளைக்கு வரைக்கும் வேண்டாம், இப்பவே வாங்க. வரும்போது டெஸ்ட் பாட்டில் ரெண்டு கொண்டாங்க. ஒண்ணு பாலுக்கு. இன்னொண்ணு முன்னாடி நிக்கிற லாரிக்கு."

சேறு தன் வேலை இல்லை என்றார் அவர்.

"லாரி நகராது சார். யார் வேலையோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். கொழுந்தன் ஹார்ன் அடிக்கவில்லை. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாயங்காலம் கறக்கணும். என்னை வீட்ல விடறியா?"

"என் பைக் உள்ள நிக்குது அண்ணி."

"எடுத்துட்டு வா."

"எந்த வழியா? கேட்டை டேங்கர் அடைச்சிட்டு நிக்குதே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. சாலையோரமாக நடக்கத் தொடங்கினாள்.

பாதி வழியில் வீட்டுக்காரர் போன் செய்தார். வாங்கிக்கொண்டார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். அவருக்குப் பின்னால் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"அப்போ சாயங்காலத்துப் பாலை எதுல பிடிக்கிறது? டேங்கர் அங்க இருக்கே."

"வீட்ல இருக்குற அண்டா குண்டா எல்லாத்தையும் எடுத்து வைங்க," என்றாள். "வந்துட்டிருக்கேன்."