மத்தியான நிழல்

விடியும் முன்பே கலவை எந்திரம் உறுமத் தொடங்கிவிடும். பனி விலகாத அந்த வேளையில் பாப்பாத்தி சும்மாட்டைத் தலையில் அழுத்தி, ஈரக் கலவைச் சட்டியோடு சாரத்தில் ஏறுவாள். வழிகிற சிமெண்டுத் தண்ணீர் காதோரம் இறங்கித் தோலை அரிக்கும். மேலே நின்று சட்டியை வாங்கிக் கொட்டுவது அவள் புருஷன் காளியப்பன். சொந்த ஊரான மார்டள்ளியில் மானாவாரிக் காடு காய்ந்துபோன வருஷம், பிழைக்க மைசூருக்கு வந்தவர்கள் இருவரும்.

விஜயநகரில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு தியான நிலையம். மத்தியானம் சாப்பிட்டதும் எல்லோரும் புங்கமரத்தடியில் கொஞ்ச நேரம் கட்டையைச் சாய்ப்பார்கள். அந்தத் தூக்கம்தான் சாயங்காலம் வரை உடம்பைத் தாங்கும். திறப்பு விழாத் தேதி முன்னதாக மாறியதும் காண்ட்ராக்டர் முரளிதரன் அந்தத் தூக்கத்தை நிறுத்திவிட்டார்.

"ஆபீஸ்ல டென்ஷன் ஆனவங்க இங்க வந்து நிம்மதியா கண்ணை மூடி உக்காரணும். அதுக்குத்தான் இந்தப் பில்டிங். சாப்பிட்டதும் பேகா பேகா, சீக்கிரம் எந்திரிங்க!"

அந்த வாரமே அது நடந்தது. உச்சி வெயிலில் பாப்பாத்தி சட்டியோடு மேலே ஏறியபோது, காளியப்பன் கம்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தான். பதறிப்போய், "ஏனுங்க!" என்று கத்தினாள். திடுக்கிட்டு விழித்தவனின் கால் பலகையை விட்டு நழுவியது.

கொத்தனார் சென்னப்பன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் தங்கியது, தொடை எலும்பு நொறுங்கியிருந்தது. மறுநாள் பாப்பாத்தி வேலைக்கு வந்தாள். அடுப்பு எரிய வேறு வழியில்லை. தான் கத்திய அந்த ஒற்றைக் கூப்பாடு மட்டும் அவள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியவள் நேரே மரத்தடிக்குப் போய்ப் படுத்தாள்.

முரளிதரன் ஓடிவந்தார். "என்னம்மா இது? உன் புருஷன் குடிச்சிட்டு ஏறினான், விழுந்தான். அதுக்கு நான் என்ன பண்றது?"

பாப்பாத்தி எழுந்து உட்கார்ந்தாள். "என்ற ஊட்டுக்காரர் குடிக்கலீங்க. அசதியில நின்னுக்கிட்டே தூங்கினாருங்க. நான் கூப்பிட்டேன், விழுந்துட்டாரு. நீங்க படுக்க விட்டிருந்தா நான் எதுக்குங்க கூப்பிடப் போறேன்?"

"எந்திரி. இல்லேன்னா நாளைக்கு வராதே."

"எந்திரிக்க மாட்டனுங்க."

உள்ளூர்க்காரி கௌரம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து பாப்பாத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானூ ஏளோதில்ல," என்றாள். எழ மாட்டேன் என்று அவள் சொன்னது அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

சென்னப்பன் கொத்துக் கரண்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். "சார், காளியப்பனோட வைத்தியச் செலவ நீங்க பாக்கணும். மத்தியானம் எங்கள படுக்க விடணும். அப்புறந்தான் சாரம் ஏறுவோம்." அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக நிழலுக்கு வந்தார்கள்.

"ராமாபுரம் பக்கம் போனா லாரி லாரியா ஆள் கெடைக்கும்டா!" என்று முரளிதரன் கத்தினார்.

"கூட்டிட்டு வாங்க சார். அவங்களும் மனுசங்கதானே. அவங்ககிட்ட நாங்க பேசிக்கிறோம்," என்றார் சென்னப்பன்.

முரளிதரனின் ஸ்கூட்டர் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. கௌரம்மா முந்தானையை விரித்து, பாதியைப் பாப்பாத்தி பக்கம் தள்ளினாள். நெருங்கிப் படுத்தார்கள். ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. ஒருவரும் எழவும் இல்லை.