வெள்ளிக்கிழமை அலை

என் கணவர் சேஷகிரி மூளை ஆராய்ச்சிக்காரர். வெளியே சொல்லிக்கொள்ள மரியாதையாக இருக்கும். கூடவே குடித்தனம் நடத்துவது வேறு விஷயம். ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் மாறிப் போவார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த மெஷின் பேச்சுதான். தலையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டினால், மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைப் பேனாக்கள் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டுமாம். ரசம் ஆறிப்போவது மட்டும் அந்த மனுஷருக்குத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் அவருக்குப் பேர் வந்தது. துக்கத்தில் பேச்சே நின்றுபோன பெண்களின் மூளையில், வேறு யாருக்கும் இல்லாத மெதுவான அலை ஒன்று எழுகிறது என்று எழுதினார். லண்டன் பத்திரிகை அதைப் போட்டது. சீக்கிரமே வெளிநாட்டுக்காரர்கள் அதற்குச் ‘சேஷகிரி அலை’ என்று பேரே வைத்துவிட்டார்கள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். ரேஷன் கடை க்யூவில்கூட யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

அறுபத்தொன்றில் அந்த மெஷின் பழுதாகி, ரிப்பேர் செய்து வந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நோயில்லாத தலை ஒன்று வேண்டும் என்றார். என் தலைதான் இனாமாகக் கிடைக்கும். அன்று வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நுனியில் முடிச்சுப் போட்ட ஈரத்தலையோடு போய் உட்கார்ந்தேன். பேனாக்கள் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கின.

“அதே அலை! உனக்கு அப்படி என்னடி துக்கம், ராஜி?” என்றார்.

“உங்களைக் கட்டிண்டதுதான்” என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. திங்கட்கிழமை என்னை மறுபடியும் கூட்டிக்கொண்டு போனார். தலை நன்றாகக் காய்ந்திருந்தது. அலை இல்லை. பக்கத்திலிருந்த குழாயில் என் உச்சந்தலையை அவரே நனைத்தார், கொஞ்சம் எண்ணெயும் தடவினார். அலை வந்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு முறை வெள்ளிக்கிழமை, ஆண்களுக்குத் திங்கட்கிழமை. இவர் ஒப்பிட்டுப் பார்த்தது அந்த ஆண்களோடுதான். டாக்டரிடம் அழைத்துப் போகிறோமே என்று வீட்டுக்காரர்கள் அந்தப் பெண்களை நன்றாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் காயும் முன்பே கொண்டுவந்து விடுவார்கள். எண்ணெயும் ஈரமும் பட்ட தலையில் பசை வழுக்குகிறது, கம்பி நகர்கிறது, பேனா அசைகிறது. பாவம், அந்தப் பெண்களின் துக்கம் நிஜம். அலைதான் பொய். வெள்ளிக்கிழமை பெண்கள் தலைக்குக் குளிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? வாரா வாரம் எண்ணெய் காய்ச்சும் வாசனை வீடு முழுக்க வரும். வீட்டு விஷயம் ஆபீசுக்குள் நுழையக் கூடாது என்று வைத்திருந்தார் போலிருக்கிறது.

“பேசாம இருந்துடுங்கோளேன். யாருக்குத் தெரியப்போறது?” என்றேன். சொன்னேன்தான், மறுக்கவில்லை.

“தப்பு என் பேர்ல ஊர் சுத்திண்டிருக்கு, ராஜி. அதைத் திரும்பக் கூப்பிடணும்.”

எழுதினார். அதே லண்டன் பத்திரிகை அந்த மறுப்பைக் கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டது. யாரும் படிக்கவில்லை. டோக்கியோவிலும் மாஸ்கோவிலும் பழைய அலையையே எடுத்துக்காட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இவர் விளக்கம் எழுதிப் போடுவார். சிலர் நன்றி சொன்னார்கள், சொல்லிவிட்டு மறுபடியும் அலையைப் பற்றியே எழுதினார்கள். அதன் பிறகு அவர் செய்த நல்ல ஆராய்ச்சிகளை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு அலுத்துப்போனது. கண்ணுக்குக் கீழே கறுத்து, படியேறினால் மூச்சு வாங்கும் மனுஷராகிவிட்டார்.

அறுபத்தெட்டில் ஓய்வு பெற்றார். டவுன் பக்கத்தில் ஒரு ஹாலில் பாராட்டு விழா. தண்ணீர் சொட்டச் சொட்டப் பெரிய மாலை போட்டார்கள். பேசியவர்கள் அத்தனை பேரும் அலையைத்தான் புகழ்ந்தார்கள். கடைசியில் இவர் மைக்கைப் பிடித்தார்.

“அப்படி ஓர் அலை கிடையாது. அது ஈரத்தலை. என் மனைவியின் தலையில் பார்த்துவிட்டேன்” என்றார்.

ஹாலே சிரித்தது. என்ன அடக்கம் பாருங்கள் என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கைதட்டல் ஓயவில்லை, வந்து உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் மெட்ராஸிலிருந்து வந்திருந்த டாக்டர் இளங்கோவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், எங்க ஆஸ்பத்திரியிலயும் அந்த அலை கிடைச்சிருச்சு. பொம்பள நோயாளிங்க எல்லாருக்கும் இருக்கு. புஸ்தகமா எழுதிட்டிருக்கேன். உங்களுக்குத்தான் சமர்ப்பணம்!”

இவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “எந்தக் கிழமை பாக்கறேள்?”

“வெள்ளிக்கிழமைதான் சார். நீங்க கட்டுரையில எழுதியிருந்தீங்கல்ல, அதையே அப்படியே வச்சுக்கிட்டோம். ஒண்ணுகூட மாத்தல.”

ஹால் காலியானது. இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“இவருக்கும் எழுதணும், ராஜி” என்றார்.

போதும் விடுங்கோ என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல மனசு வரவில்லை.

“எழுதுங்கோ. மொதல்ல மாலையைக் கழட்டுங்கோ.”

கையைத் தூக்கப் பார்த்தார், அலுப்பில் முடியவில்லை. நான்தான் கழற்றினேன். மாலைத் தண்ணீர் இறங்கி, சட்டைக் காலர் முழுக்க ஈரம்.