ஐந்தருவியில் விழுந்த முகம்

ஒளிக்கலைஞரான சுகந்தி சாரலில் நனைந்து நனைந்து, இரவு விழாவுக்காக ஐந்தருவியின் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி வெளிச்சம் அமைத்திருந்தாள். விழா தொடங்கும் நேரத்தில் விழாக்குழுத் தலைவர் தளவாய் வந்து எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்.

"இது யாருக்கும்மா புரியும்? அருவி முழுக்க என் மூஞ்சி தெரியணும்."

"அது அருவி அண்ணாச்சி, ஸ்கிரீன் இல்ல."

"சொன்னதச் செய்யி."

சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டு, புரொஜெக்டரில் அவர் படத்தைப் போட்டு அருவியின் பக்கம் திருப்பினாள். மீசை ஒரு கிளையிலும் காது இன்னொரு கிளையிலும் விழுந்தன. மூக்கு நடுப்பாறையில் ஒட்டிக்கொண்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

தளவாய் பதறிக்கொண்டு வந்தார். "ஏட்டி, மூஞ்சிய ஒண்ணாச் சேத்து வையி."

"அருவி அஞ்சால்லா விழுது. மொதல்ல அத ஒண்ணாச் சேத்துட்டு வாரும், பெறவு ஒம்ம மூஞ்சியச் சேக்கேன்."